ஸ்கேன் பண்ணி டிரைவில் போட்டுவிட்டால் நூலகம் எதற்கு?

கேள்வி இதுதான். பெங்களூரில் ஒரு தமிழ் மன்றம், அறுபது எழுபது வருடப் பழசு. மாடி அறையில் சுமார் மூவாயிரம் புத்தகங்கள், கட்டுக் கட்டாகப் பத்திரிகைகள், டிரங்குப் பெட்டிகள் நிறையக் காகிதங்கள். வாசிக்க ஆள் வருவதில்லை, வாடகை ஏறிவிட்டது. கமிட்டியில் இளையவர்கள் "எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் போட்டுவிட்டு அறையைக் காலி செய்வோம், இனி நூலகமெல்லாம் போனில்தான்" என்கிறார்கள். பெரியவர்களுக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் என்ன பதில் சொல்வதென்றும் தெரியவில்லை. செய்யலாமா கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்கேன் செய்யுங்கள். ஆனால் மூவாயிரத்தையும் வேண்டாம். அறையைக் காலி செய்வதை அதோடு முடிச்சுப் போடவும் வேண்டாம். இதே ஊரில், நூலகத் துறையில், காகிதத்தோடும் கணினியோடும் மாறி மாறி மல்லுக்கட்டிப் பிழைக்கிற ஆள் என்ற முறையில் சொல்கிறேன்: இதில் ஸ்கேன் செய்வதுதான் சுலபமான வேலை. எடுத்த படம் என்ன, யாருடையது, எந்த வருடத்தது என்று எழுதி வைப்பதுதான் பெரிய வேலை, அதற்குத்தான் யாரும் காசு ஒதுக்குவதில்லை. ஸ்கேனர் வாங்க நன்கொடையாளர் கிடைப்பார், அதன்மேல் அவர் பெயரை ஒட்டி போட்டோ எடுத்துக்கொள்ளலாம். பட்டியல் போட ஒரு ஆளுக்கு ஆறு மாதச் சம்பளம் கொடுங்கள் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள், போனை எடுக்க மாட்டார்.

முதலில் இளையவர்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடத்துக்கு முன் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு நூல் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் ராத்திரி ரயில் பிடித்துச் சென்னை போக வேண்டும், அங்கேயும் இல்லையென்றால் லண்டனில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பெருமூச்சோடு திரும்ப வேண்டும். இப்போது அப்படியில்லை. 1998 பொங்கலை ஒட்டித் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகமெங்கும் இருந்த தமிழர்கள் ஊதியம் எதுவும் வாங்காமல் பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டே வாழ்நாளெல்லாம் புத்தகம், நோட்டீஸ், அழைப்பிதழ் என்று சேர்த்த ரோஜா முத்தையா 1992ல் இறந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, அதை வைத்துச் சென்னையில் 1994ல் ஒரு ஆய்வு நூலகமே உருவானது. மைக்ரோஃபிலிமில் தொடங்கி டிஜிட்டலுக்கு வந்தவர்கள் அவர்கள். யாழ்ப்பாணத்தில் 1981ல் ஏறக்குறைய 97,000 புத்தகங்களோடு நூலகம் எரிந்ததை நம்மில் யாரும் மறக்கவில்லை. இன்று ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் தேடிப் பிடித்து ஏற்றிக்கொண்டிருக்கும் நூலகம் என்ற இணையத் திட்டம் 2005ல் தொடங்கியது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கிறது. ஆக, உங்கள் அலமாரியில் உள்ள நாவல்களிலும் உரைநூல்களிலும் பெரும்பகுதி ஏற்கெனவே எங்கோ ஸ்கேன் ஆகி இருக்க வாய்ப்பு அதிகம். அதையே மறுபடி ஸ்கேன் செய்வது காசுக்கும் கேடு, முதுகுக்கும் கேடு. தலைப்பை வைத்துத் தேடிப் பாருங்கள், இருந்தால் பட்டியலில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

தேடிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். தேடினால் கிடைக்குமா என்பது வேறு கதை. அந்தக் கதையில் பாதி நம் ஊரில்தான் நடந்தது.

2000களின் தொடக்கத்தில், மல்லேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்திய அறிவியல் கழகமும் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் முன்நின்று இந்திய மின்னூலகம் என்ற ஒன்றைத் தொடங்கின. பத்து லட்சம் புத்தகங்களை ஸ்கேன் செய்வது என்ற உலகளாவிய திட்டத்தின் இந்தியக் கிளை அது. பல ஊர்களில் மையங்கள், சம்பளத்துக்கு ஆட்கள், நாளுக்கு இத்தனை பக்கம் என்று கணக்கு. வேலை மளமளவென்று நடந்தது, லட்சக்கணக்கில் புத்தகங்கள் ஏறின. ஆனால் தலைப்பை யார் எழுதினார்கள்? பெரும்பாலும் அந்த மொழி தெரியாதவர்கள், ரோமன் எழுத்தில், காதில் விழுந்த மாதிரி. தமிழ் தலைப்பு ஒன்றில் ழகரம் ஒரு இடத்தில் எல், ஒரு இடத்தில் இசட், ஒரு இடத்தில் ஆர் என்று வரும். ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பதிப்பகம் இருக்கும், ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் இருக்கும். திறந்தால் நடுவில் பக்கம் இருக்காது, இருக்கும் பக்கத்தில் ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல் இருக்கும். 2016-17 வாக்கில் அந்தத் தளமே இணையத்திலிருந்து போய்விட்டது. அதற்குள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களை வெளியே நகல் எடுத்து இண்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் ஏற்றி வைத்தார்கள், அதனால் பிழைத்தோம். இன்றைக்கும் அங்கே பழைய தமிழ் நூல் ஒன்றைத் திறந்தால் அடையாளக் குறியில் டிஎல்ஐ 2015 என்று வருகிறதே, அது இந்தக் குடும்பம்தான்.

அந்தச் சேகரத்தில் தமக்கு வேண்டிய புத்தகம் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்தும், எந்த எழுத்துக்கூட்டலில் ஒளிந்திருக்கிறது என்று தெரியாமல் ராத்திரி முழுக்கத் தட்டிப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். அலமாரியில் தவறான இடத்தில் செருகிய புத்தகத்தையாவது ஒருநாள் தூசி தட்டும்போது பார்த்துவிடலாம். தவறான பெயரில் ஏறிய கோப்பை யார் தூசி தட்டப் போகிறார்கள்? உங்கள் இளைஞர்களுக்கு இதை மட்டுமாவது சொல்லுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. நூலை எப்படி வகைப்படுத்துவது, எப்படிக் கண்டெடுப்பது என்று உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். கடைசிக் காலத்தில் இருந்தது பெங்களூரில், 1972ல் காலமானதும் இங்கேதான். 1962ல் அவர் தொடங்கிய ஆவணவியல் பயிற்சி மையம் மைசூர் ரோட்டில் இந்தியப் புள்ளியியல் நிறுவன வளாகத்தில் இன்னமும் இயங்குகிறது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அவருடைய ஐந்து விதிகளில் ஒன்று, 1931லேயே எழுதிவிட்டார். அவர் வாழ்ந்த ஊரிலிருந்து கிளம்பிய திட்டத்தில்தான் இத்தனை கூத்தும். சரி, விஷயத்துக்கு வருவோம்.

"இப்போது ஏஐ வந்துவிட்டது, அதுவே படித்துப் பட்டியல் போட்டுவிடும்" என்று அடுத்த வாதம் வரும். ஓரளவு உண்மைதான். படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி மென்பொருள் பத்து வருடத்துக்கு முன் இருந்ததைவிட எவ்வளவோ தேவலை. புதிய புத்தகத்தைக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகப் படித்துவிடும். பழையதில்தான் வண்டவாளம் தெரியும். 1978ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்னால் இரட்டைச் சுழிக் கொம்பு கிடையாது, எழுத்தின் தலையிலேயே யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு. ணா, றா, னா மூன்றுக்கும் துணைக்கால் கிடையாது, எழுத்தையே கீழே வளைத்திருப்பார்கள். ஒகர ஓகார வரிசையில் இந்த மூன்றும் சேர்த்தால் மொத்தம் பதின்மூன்று எழுத்து. இந்தப் பதின்மூன்றையும் பார்த்துப் பழகாத மென்பொருள், தலைவன் என்ற சொல்லில் இரண்டாம் எழுத்தை வேறு எதுவாகவோ படித்துவிடும். அப்புறம் நீங்கள் தலைவன் என்று தேடினால் அந்தப் பக்கம் வரவே வராது. புத்தகம் இருக்கிறது, பக்கம் இருக்கிறது, சொல் கண்ணுக்குத் தெரிகிறது, தேடல் பெட்டி மட்டும் இல்லை என்கிறது. இதில் ஆபத்து என்னவென்றால், தேடியவர் "அந்தக் காலத்தில் இந்தச் சொல்லே வழக்கில் இல்லை போல" என்று முடிவுக்கு வந்து கட்டுரையும் எழுதிவிடுவார்.

ஆண்டு விஷயம் இன்னும் சுவாரசியம். பழைய நூலின் முகப்பில் "விரோதி வருஷம் ஆவணி மாதம்" என்று மட்டும் இருக்கும். அறுபது வருடச் சுழற்சியில் விரோதி 1889லும் வரும், 1949லும் வரும். எதைப் போடுவது? மென்பொருள் ஏதாவது ஒன்றைத் துணிந்து போட்டுவிடும், அதற்கு வெட்கம் கிடையாது. மனிதர் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார். அச்சகத்தின் முகவரியில் தொலைபேசி எண் இருக்கிறதா, பின்னட்டையில் என்ன விளம்பரம், எழுத்து எந்த வார்ப்பு, காகிதம் எப்படிப் பழுத்திருக்கிறது. விலை அணாவில் போட்டிருந்தால் 1957ல் நயா பைசா வருவதற்கு முந்தையது என்று மட்டும் தெரியும், விரோதிச் சிக்கலுக்கு அது போதாது. முன்னுரையில் யாருக்கோ நன்றி சொல்லியிருப்பார்கள், அந்த மனிதர் எப்போது இருந்தவர் என்று பார்த்தால் முடிச்சு அவிழும். பின்னட்டையும் விளம்பரப் பக்கமும் "தேவையில்லாதது" என்று ஸ்கேன் செய்யாமல் விட்டிருந்தால் இந்த வழியே அடைபட்டிருக்கும். அதனால்தான் அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கம் உட்பட எடுங்கள் என்று சொல்வது. நூலகத்து ரப்பர் ஸ்டாம்ப், யாரோ பென்சிலில் எழுதிய குறிப்பு, பரிசாகக் கொடுத்தவரின் கையெழுத்து எல்லாமே சேதிதான்.

உங்கள் மன்றத்தில் கொஞ்சமும் சந்தேகமில்லாமல் ஆபத்தில் இருப்பது எது தெரியுமா? 1950களின் பொன்விளிம்பு நூல்களைச் சொல்லவில்லை. 1996லிருந்து 2008 வரைக்குமான உங்கள் ஆண்டு மலர்கள். அவை பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், ஏதோ ஒரு தனியார் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியேற்றம், அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற கணினிக் கணக்கு, இருந்த காலம் அது. 1999ல் சென்னை மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் இரண்டையும் அரசு அறிவித்தது, 2010ல் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாறச் சொன்னது, நடுவில் பதினோரு வருடம் ஓடிவிட்டது. அந்தக் கோப்பை இன்று திறந்தால் கேள்விக்குறியும் டாலர் குறியுமாகக் கொட்டும். அதுவும் திறந்தால்தான்; சிடி கீறல் விழாமல் இருந்து, அதைப் படிக்க டிரைவ் உள்ள கணினி கிடைத்து, அந்தக் காலத்து மென்பொருளும் இருந்தால்தான். 1953ல் அச்சான குறுநூலைக் கையில் எடுத்தால் படிக்க முடிகிறது, 2003ல் கணினியில் செய்த மலரைக் கணினியில் படிக்க முடியவில்லை. அச்சுப் பிரதி ஒன்று மிஞ்சியிருந்தால் அதைத் தள்ளிப் போடாமல் ஸ்கேன் எடுங்கள். எழுத்துருக் கோப்பு கிடைத்தால் மாற்றி மென்பொருள் இருக்கிறது, பெரும்பகுதி மீட்டுவிடலாம். ஆனால் மலரைத் தட்டச்சு செய்து கொடுத்த டிடிபி கடைக்காரர் இருக்கும்போதே கேளுங்கள்.

அப்புறம் அந்த டிரங்குப் பெட்டிகள். என்னைக் கேட்டால் உங்கள் சொத்தே அதுதான். வேறு எந்த நூலகத்திலும் இல்லாதது அதில்தான் இருக்கும். இந்த ஊர்த் தமிழர் வாழ்க்கை அச்சுப் புத்தகத்தில் ரொம்பக் கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது. எச்ஏஎல், பிஇஎல், ஐடிஐ தொழிற்சாலைகளில் வேலை பார்த்துக்கொண்டே மாலையில் நாடகம் போட்டவர்களின் நோட்டீஸ், அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் பக்கத்துக் கோயில் திருவிழாத் துண்டுப் பிரசுரம், தொழிற்சங்கக் கூட்ட அறிவிப்பு, 2001ல் சுரங்கம் மூடும் வரை கோலார் தங்கவயலிலிருந்து வந்து போனவர்களின் கடிதங்கள், பொங்கல் விளையாட்டுப் போட்டிப் பட்டியல், மன்றத்தின் கூட்டக் குறிப்பேடு. நோட்டீசை யாரும் பாதுகாக்க மாட்டார்கள், மறுநாள் கடலை மடிக்கத்தான் போகும். மிஞ்சியது உங்கள் பெட்டியில் இருப்பது மட்டுமே. ஒரு பிரபல நாவலின் ஐந்தாம் பதிப்பை ஸ்கேன் செய்ய ஒதுக்கும் நேரத்தை இதற்குக் கொடுங்கள்.

கொடுக்கும்போது ஒவ்வொரு தாளுக்கும் ஒரு வரி எழுத வேண்டும். ஒரு நாடக நோட்டீஸ் என்றால் நாடகத்தின் பெயர், குழு, இடம், தேதி, டிக்கெட் விலை, நடித்தவர்கள், அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயர். அச்சகப் பெயரை எல்லோரும் விட்டுவிடுவார்கள். அதுதான் பின்னால் தேதி இல்லாத நோட்டீசுக்குத் தேதி சொல்லும், இந்த ஊரில் எங்கெங்கே தமிழ் அச்சுக்கூடங்கள் இருந்தன என்றும் சொல்லும். பெயர்களில் இனிஷியலை அப்படியே எழுதுங்கள், விரிவு தெரிந்தால் பக்கத்தில் தனியாக. ஒரே ஆள் ஒரு நோட்டீசில் கே.எஸ்., இன்னொன்றில் கு.சு., மூன்றாவதில் புனைபெயர் என்று வருவார், மூன்றும் ஒருவரே என்று சொல்லத் தெரிந்தவர் இன்று உங்கள் மன்றத்திலேயே எண்பது வயதில் உட்கார்ந்திருப்பார். அவரை ஞாயிற்றுக்கிழமை அழைத்து, காபி கொடுத்து, பக்கத்தில் ஒரு காலேஜ் பையனை எக்செல் திறந்து உட்கார வையுங்கள். எந்த மென்பொருளும் இந்த வேலையைச் செய்யாது. நூலக மென்பொருள் வேண்டுமென்றால் கோஹா, டிஸ்பேஸ் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன, பிறகு மாற்றிக்கொள்ளலாம். தொடக்கத்துக்கு எக்செல் போதும், தலைப்பைத் தமிழ் எழுத்தில், யூனிகோடில் எழுதினால்.

டிஜிட்டல் என்பது வெறும் நகல்தானா என்றால், இல்லை, சில சமயம் மூலத்தில் கண்ணுக்குத் தெரியாததையும் காட்டும். பெங்களூரைச் சுற்றித் தமிழ்க் கல்வெட்டுகள் நிறைய உண்டு, டொம்லூர் சொக்கநாதர் கோயிலிலேயே பார்க்கலாம். லூயிஸ் ரைஸ் இந்த மாவட்டத்துக் கல்வெட்டுகளைத் தொகுத்து 1905ல் வெளியிட்டார். அதில் உள்ள கற்களில் பல இன்று லேஅவுட்டுக்கு அடியிலோ சாலைக்கு அடியிலோ போய்விட்டன. மிஞ்சியதை 1909ல் தொடங்கிய மிதிக் சொசைட்டி என்ற பெங்களூர் வரலாற்று அமைப்புக்காரர்கள் முப்பரிமாண ஸ்கேன் செய்து வைக்கிறார்கள். சுண்ணாம்பும் எண்ணெயும் ஏறித் தேய்ந்துபோன எழுத்து நேரில் பார்த்தால் தெரியாது, ஸ்கேனில் வெளிச்சத்தைச் சாய்த்துத் திருப்பிப் பார்த்தால் வரி எழுந்து நிற்கும். தொழில்நுட்பம் இதற்கெல்லாம் பயன்படும்போது எனக்கு ஒரு புகாரும் இல்லை.

டிரைவில் போடுவதைப் பற்றி. ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), வண்ணத்தில், சுருக்காமல் டிஃப் கோப்பாக எடுத்தால் சுமார் 26 எம்பி. இருநூறு பக்க மலர் ஒன்று 5 ஜிபிக்கு மேல். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியில் மூன்று மலர்கூட முழுதாகக் கொள்ளாது. அதனால் எல்லோரும் என்ன செய்கிறார்கள், நன்றாக நசுக்கிய பிடிஎஃப் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய கோப்பை அழித்துவிடுகிறார்கள். போனில் படிக்க அது போதும். நாளைக்கு இதைவிட நல்ல எழுத்துணரி வரும்போது கொடுக்க உங்களிடம் நல்ல படம் இருக்காது, காகிதமும் அதற்குள் பழைய பேப்பர்காரரிடம் போயிருக்கும்.

எனக்கே நடந்தது ஒன்று. ஒரு அமைப்பு, பெயர் வேண்டாம், தன் சேகரத்தை ஒரு கான்ட்ராக்டரிடம் கொடுத்து ஸ்கேன் செய்து வாங்கியது. வருடங்கள் கழித்து என்னிடம் வந்த ஹார்ட் டிஸ்கில் ஆயிரக்கணக்கான படங்கள், எல்லாவற்றுக்கும் ஐஎம்ஜி என்று தொடங்கும் எண் மட்டுமே பெயர். எந்தப் படம் எந்தப் புத்தகத்தில் முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதே தெரியவில்லை. ஆன்லைன் பிரதி இருக்கிறதே என்றார்கள். அந்தக் கணக்கு முன்னாள் செயலாளரின் சொந்த மெயிலில் இருந்தது, அவர் காலமாகிவிட்டார், கடவுச்சொல் அவரோடு போயிற்று. மூலப் புத்தகங்களோ "அதான் ஸ்கேன் ஆகிவிட்டதே" என்று எடைக்குப் போடப்பட்டிருந்தன.

பெரிய இடங்களுக்கும் இந்தப் பயம் உண்டு. 2023 அக்டோபரில் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளைத் திருடர்கள் முடக்கினார்கள். ஆன்லைன் கேட்டலாக் ஓரளவு திரும்பவே அடுத்த ஜனவரி ஆகிவிட்டது. அலமாரியில் புத்தகம் பத்திரமாக இருந்தது, எங்கே இருக்கிறது என்று சொல்லும் பட்டியல்தான் இல்லை. 2024 அக்டோபரில் இண்டர்நெட் ஆர்க்கைவும் தாக்கப்பட்டுச் சில நாட்கள் முடங்கியது. ஆகவே மூன்று பிரதி, அதில் ஒன்றாவது வேறு கட்டடத்தில். வருடத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்து, கோப்பு கெட்டிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும், அதற்கு இலவச மென்பொருள் உண்டு. ஐந்தாறு வருடத்துக்கு ஒரு முறை டிஸ்கை மாற்ற வேண்டும். புத்தகத்துக்கு அந்துருண்டை வைத்து இராமபாணப் பூச்சியை விரட்டினோமே, அந்த மாதிரி இதற்கும் ஒரு பராமரிப்புச் செலவு உண்டு, அது நிற்கவே நிற்காது. கணக்கு மன்றத்தின் பெயரில் இருக்கட்டும், கடவுச்சொல் குறைந்தது மூன்று பேரிடம்.

சட்டம் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ல் வந்த திருத்தத்தின்படி, லாப நோக்கமில்லாத பொது நூலகம் தன்னிடம் அச்சுப் பிரதி உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்துக்கொள்ளலாம். உங்கள் மன்றம் அந்த வரையறைக்குள் வருமா என்று ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். சேமிப்பது வேறு, ஊருக்கெல்லாம் இணையத்தில் திறந்து வைப்பது வேறு. ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் முடிந்திருந்தால், அல்லது தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியிருந்தால், தயங்காமல் ஏற்றலாம். மற்றதற்கு வாரிசுகளிடம் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். சிறு பத்திரிகைக்காரர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார்கள்.

இன்னொரு மாற்றம் இருக்கிறது, வெளியில் இருப்பவர்கள் கவனிப்பதில்லை. முன்பு நூலகம் புத்தகத்தை வாங்கியது, வாங்கியது அதனுடையது. இப்போது கல்லூரி நூலகங்களில் பெருமளவு பணம் சந்தாவுக்குப் போகிறது. 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். சுமார் 6,300 நிறுவனங்கள் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்களைப் படிக்கலாம். சின்ன ஊர்க் கல்லூரி மாணவருக்கு இது பெரிய வரம், மறுப்பதற்கில்லை. ஆனால் சந்தா நின்றால், முன்பே விலை பேசி வைத்ததைத் தவிர, அலமாரி காலி. காகித இதழ் என்றால் சந்தாவை நிறுத்திய பிறகும் பழைய பைண்டிங் அங்கேயே இருக்கும். உங்கள் மன்றத்துக்கு இது நேரடியாகப் பொருந்தாது என்றாலும், "எல்லாம் ஆன்லைனில் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், யாருடைய ஆன்லைனில் என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள்.

அறை விஷயம். வாசிக்க ஆள் வருவதில்லை என்கிறீர்கள். கப்பன் பார்க் சிவப்புக் கட்டடத்தில் இருக்கும் மாநில மத்திய நூலகத்துக்கோ உங்கள் வட்டாரக் கிளை நூலகத்துக்கோ ஒரு நாள் போய்ப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும் இளைஞர்களில் பலர் அங்குள்ள புத்தகத்தைத் தொடுவதில்லை, தங்கள் பையிலிருந்து போட்டித் தேர்வுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு மாலை வரை அசையாமல் இருப்பார்கள். வீட்டில் இடமில்லை. அவர்களுக்கு வேண்டியது மேசை, மின்விசிறி, சார்ஜ் போட ஒரு பிளக், சத்தமில்லாத நாலு மணி நேரம். உங்கள் அறையில் எட்டு நாற்காலியும் வைஃபையும் போட்டால் ஆள் வரும். வந்தவர்களில் ரெண்டு பேராவது பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள், அவர்கள்தான் உங்களுக்குப் பட்டியல் எழுதப் போகிறவர்கள். வாடகை கட்டவே முடியாது என்றால் அறையைச் சுருக்குங்கள்: எங்கும் கிடைக்கிற நாவல்களை வேறு நூலகத்துக்கோ வாசகர்களுக்கோ கொடுத்துவிட்டு, உங்களிடம் மட்டுமே உள்ளதை ஒரு பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நான் சண்டைக்கு வர மாட்டேன்.

ஸ்கேனர் வாங்கும்போது தட்டை ஸ்கேனர் வேண்டாம், பழைய புத்தகத்தைக் கவிழ்த்து அழுத்தினால் முதுகு உடைந்துவிடும். புத்தகத்தைப் பாதி திறந்து வைக்கிற மாதிரி ஒரு வி வடிவத் தொட்டில், மேலே கேமரா, ரெண்டு விளக்கு, பக்கத்தை மென்மையாக அமுக்க ஒரு கண்ணாடி. இந்த ஊரிலேயே சர்வன்ட்ஸ் ஆஃப் நாலெட்ஜ் என்ற தன்னார்வக் குழு இந்த மாதிரி கருவிகளை வைத்துப் பல மொழி நூல்களை இண்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றுகிறது. தனியாக மண்டையை உடைத்துக்கொள்வதற்குப் பதில் அவர்களிடம் பேசிப் பார்க்கலாம். வேகமாக முடிக்க முதுகை வெட்டி ஒற்றைத் தாளாக்கி மெஷினில் விடலாம் என்று கான்ட்ராக்டர் சொல்வார், ஒத்துக்கொள்ளாதீர்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் பசை பழுப்பேறி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். லேமினேஷன் அதைவிட மோசம். புத்தகங்களில், தொட்டால் உதிர்கிற நிலையில் உள்ள மரக்கூழ்க் காகிதத்தை மட்டும் முதலில் எடுங்கள், அதற்குத்தான் அவசரம். அது ஒரு முறை புரட்டலைத் தாங்கும், ரெண்டாவது முறைக்கு உத்தரவாதம் இல்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். மன்றத்தின் பழைய அக்செஷன் ரெஜிஸ்டர், அதாவது வந்த புத்தகங்களைப் பதிவு செய்த நோட்டு, எங்கே என்று தேடுங்கள். நீளமான நோட்டு, சிவப்புத் துணி பைண்டிங், பீரோவின் மேல் தட்டிலோ முன்னாள் நூலகர் வீட்டிலோ இருக்கும். அதில் எண், தேதி, தலைப்பு, கொடுத்தவர் பெயர் என்று எல்லாம் ஏற்கெனவே யாரோ பொறுமையாக எழுதி வைத்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்கேன் செய்ய வேண்டியது அதை. கிடைத்தால் சொல்லுங்கள், எக்செல் எப்படிப் போடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து காட்டுகிறேன்.